நிலா லீவு போட்ட கிரகணம்

"கிரகணத்தன்னைக்கு நிலாவே லீவு போட்டுருச்சு" என்று நீங்கள் என்னைக் கேலி செய்யத் தொடங்கி எத்தனை வருசம் ஆகிறது. நம்மில் பாதிப் பேர் தலைக்கு மை பூசுகிறோம், மீதிப் பேருக்கு மை பூச முடியே இல்லை. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியாத வயசுக்கு வந்துவிட்டோம். ஆனாலும் ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் கூடிவிட்டால் போதும், இலை போடுவதற்குள் அந்தப் பழைய கதையை எடுத்துவிடுகிறீர்கள். அஞ்சாம் வகுப்பில் டீச்சர் என்னை நிலாவாக நிறுத்தியதும், நிஜக் கிரகணம் வந்த அன்று மொத்த வகுப்பும் பள்ளிக்கூட மைதானத்தில் கூடியிருக்க நான் மட்டும் வராமல் போனதும் உங்களுக்கு இன்னும் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

நான் பார்க்கவில்லை என்று யார் சொன்னது? பார்த்தேன். நீங்கள் கண்ணாடியை வெயிலில் திருப்பிப் பிடித்துப் பள்ளிக்கூடச் சுவரில் பார்த்தீர்கள். நான் எங்கம்மா வயிற்றின் மேல் பார்த்தேன். இவ்வளவு நாள் இதைச் சொல்லாமல் இருந்ததற்கு எங்கள் அத்தைதான் காரணம். சொந்தக்காரர்களுக்குத் தெரிந்ததுதான், அவள் இருக்கும்போது அதற்கு வெளியில் சொல்ல மனசு வரவில்லை. போன ஐப்பசியில் அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனிச் சொன்னால் கோபித்துக்கொள்ள ஆளில்லை. அவள் வந்து கோபித்துக்கொண்டால் எனக்குச் சந்தோசம்தான்.

நம்ம ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் ஒன்று சொன்னால் நம்ப மாட்டார்கள். மற்ற ஊர்களில் புது வருசம் ஜனவரியிலோ சித்திரையிலோ பிறக்கும். சிவகாசியில் அது ஆடியிலேயே பிறந்துவிடும். அப்பா காலண்டர் கம்பெனியில் பைண்டிங்கில் இருந்தார். அடுத்த வருசத்தின் அத்தனை நாளும் தாள் தாளாக அவர் கையில் புரண்டு, கட்டாகி, தகரப் பட்டை அடித்து லோடு ஏறும். எந்த நாள் முகூர்த்தம், எந்த நாள் கார்த்திகை, எந்த நாள் கிரகணம் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும் முன்னால் எங்கள் வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

அப்படித்தான் ஒரு ஆவணி மாதச் சாயங்காலம் அப்பா வேலை விட்டு வந்தவர், கை கால்கூடக் கழுவாமல் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். தை மாதத்துத் தாள். மாட்டுப் பொங்கலும் தை அமாவாசையும் ஒரே நாளில் வந்திருந்தது. அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் சூரிய கிரகணம் என்று போட்டிருந்தது. அம்மாவுக்கு அப்போதுதான் நாள் தள்ளிப் போயிருந்தது. இரண்டு பேரும் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார்கள். கிரகணம் ஆறாம் மாதத்தில் வந்து விழுந்தது.

"அக்காட்ட சொல்லணும்ல" என்றார் அப்பா, அத்தையை நினைத்து. அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவர்கள் ஏன் அப்படிப் பயந்தார்கள் என்பது என் முகத்தைப் பார்த்தால் தெரியும். நான் மேலுதடு பிளந்து பிறந்தவள். கைக்குழந்தையாக இருக்கும்போது மதுரையில் ஒரு முகாமில் தைத்துவிட்டார்கள். தையல் தடமும் மூக்கால் வருகிற பேச்சும் தங்கிவிட்டன. அதற்காக எனக்குப் பட்டப் பெயர் வைக்காத ஆள் உங்களில் ஒருத்தரும் கிடையாது. போகட்டும், நானும் உங்களுக்கெல்லாம் வைத்திருந்தேன், சத்தமாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் என் உதடு ஏன் பிளந்தது என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். இரண்டாயிரம் பிறக்கப் போகுது, உலகம் அழியப் போகுது என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த வருசம், நான் அம்மா வயிற்றில் இருந்தேன். அந்த ஆடி அமாவாசைச் சாயங்காலம் ஒரு சூரிய கிரகணம். அம்மா பட்டாசுக் கம்பெனியிலிருந்து காகிதக்கட்டு வாங்கி வந்து, வெடிக்கு வேண்டிய குழாய்களை வீட்டிலிருந்தே சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வெடிமருந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வெறும் காகிதமும் பசையும். தீபாவளி சீசன், ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்தது. நேரம் போனது தெரியாமல் கத்திரிக்கோலால் தாளை வெட்டிக்கொண்டிருந்தபோது அத்தை உள்ளே வந்துவிட்டாள்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. மல்லாங்கிணற்றில் வாக்கப்பட்டவள். தாய் தகப்பன் சீக்கிரம் போய்விட்டதால் அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்ததே அவள்தான். எங்கள் வீட்டின் நல்லது கெட்டதுக்கெல்லாம் அவள் சொன்னதுதான் சட்டம். மானாவாரி நிலத்தில் மழையை எதிர்பார்த்தே வாழ்ந்தவளுக்கு வானத்தில் நடக்கிற எதுவும் சும்மா நடப்பதில்லை. அன்றைக்கு அம்மா கையிலிருந்த கத்திரிக்கோலைப் பிடுங்கி எறிந்தாளாம். மார்கழியில் நான் பிறந்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கிரகண நேரத்துல கத்திரியத் தொட்டியே தாயி" என்று ஒரே ஒரு தடவை சொன்னாளாம். அதற்குப் பிறகு அவள் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

அம்மா அன்றோடு கத்திரிக்கோலைத் தொடுவதை விட்டாள். குழாய்க் காகிதத்தை மடித்து, மடிப்புக்குள் நூலை வைத்து, விருட்டென்று இழுப்பாள். தாள் நேர்கோட்டில் பிரிந்து வரும். தெருவில் மற்ற பெண்கள் வந்து வேடிக்கை பார்ப்பார்கள். ஓரம் சுத்தமாக இருந்ததால் கம்பெனியிலும் ஒன்றும் கேட்கவில்லை. என் பாவாடையில் நூல் தொங்கினால் பல்லால் கடித்துத்தான் எடுப்பாள். அடுத்த பிள்ளை என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவாள். எனக்குப் பத்து வயசாகும் வரை வீட்டில் தொட்டில் கட்டவில்லை. இது எல்லாம் எதற்கு என்று எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. பிள்ளைகளுக்கு முன்னால் எதையும் மறைக்கத் தெரியாத வீடு அது.

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன். அரையாண்டு லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம், டீச்சர் பெஞ்சுகளை ஓரமாக இழுத்துப் போடச் சொன்னார். வகுப்பிலேயே உயரமானவளைச் சூரியனாக்கிக் கையில் டார்ச்சைக் கொடுத்தார். குண்டாக இருந்தவன் பூமி. இன்றைக்கும் அவன் பூமிதான், சுற்றளவுதான் கூடியிருக்கிறது. நிலாவுக்கு என்னைக் கூப்பிட்டார். சூரியனுக்கும் பூமிக்கும் பேச வசனம் இருந்தது, நிலாவுக்கு இல்லை. என் பேச்சை நினைத்துத்தான் எனக்கு வசனமில்லாத வேசம் கொடுக்கிறார் என்று நினைத்தேன்.

அப்படியில்லை என்று சுற்றத் தொடங்கியதும் தெரிந்தது. "நிலா பூமிக்கு எப்பவும் ஒரே முகத்தைத்தான் காட்டும். நீ சுத்தி முடிக்கிற வரைக்கும் உன் முகம் இவன் பக்கமே இருக்கணும்" என்றார் டீச்சர். எனக்கு யாராவது நேராகப் பார்த்தால் வாயைக் கையால் பொத்திக்கொள்ளும் பழக்கம். பொத்திக்கொண்டே அவனைச் சுற்றினேன். "நிலாவுக்குக் கை கிடையாது" என்றார். நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள், நானும் சிரித்துவிட்டேன். கையை இறக்கிவிட்டு முழுச் சுற்று சுற்றி வந்தேன். ஒரு ஆள் என் முகத்தை அவ்வளவு நேரம் நேருக்கு நேர் பார்த்தது அதுதான் முதல் தடவை. பூமிக்கு அது ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து யாரோ கேட்டீர்கள், அமாவாசைக்கு அமாவாசை நிலா நடுவில் வருகிறதே, ஏன் மாசா மாசம் கிரகணம் வருவதில்லை என்று. டீச்சர் ஒரு பெஞ்சை இழுத்து என் பாதையில் போட்டு, சூரியன் பக்கம் வரும்போது அதில் ஏறி நடக்கச் சொன்னார். என் நிழல் பூமியின் தலைக்கு மேலே போய்ச் சுவரில் விழுந்தது. அடுத்த சுற்றில் குனிந்து தவழச் சொன்னார். நிழல் அவன் காலுக்குக் கீழே போனது. நிலாவின் பாதை கொஞ்சம் சாய்ந்தது, பெரும்பாலும் மேலேயோ கீழேயோ தப்பித்துப் போய்விடும், மூன்றும் ஒரே நேர்கோட்டில் வந்தால்தான் நிழல் பூமியில் விழும் என்றார். மூன்றாம் சுற்றில் நேராக நடந்தேன். என் தலையின் நிழல் பூமியின் முகத்தில் விழுந்தது.

"எப்படி இருக்கு?" என்று டீச்சர் அவனைக் கேட்டார்.

"நல்லாருக்கு டீச்சர். கண்ணு கூசல" என்றான்.

உங்களுக்கு அது ஒரு சிரிப்பு. நான் அதை வீடு வரை சுமந்துகொண்டு போனேன். கிரகணம் என்றால் ஒரு நிழல். என் நிழல் அவன் மூஞ்சி முழுக்க விழுந்தது, அவன் உதட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேப்பமர நிழலில் உட்கார்ந்து குழாய் சுற்றுகிற எங்கள் தெருப் பெண்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு எனக்கு மட்டும் எப்படி ஆனது என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். இந்தத் தடவை நிலா தூரத்தில் இருப்பதால் சூரியனை முழுசாக மறைக்காது, ஓரம் மட்டும் வளையமாகத் தெரியும், மாட்டுப் பொங்கலானாலும் எல்லாரும் மைதானத்துக்கு வாங்க என்று டீச்சர் சொல்லியனுப்பியிருந்தார். எப்படியாவது போய்விட வேண்டும் என்று இருந்தது.

பொங்கலுக்கு முந்தின வாரம் அம்மாவை ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போனார்கள். நானும் போனேன். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது அம்மா மெதுவாக, "உதடு நல்லாருக்கா டாக்டரம்மா?" என்று கேட்டாள். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார், புரிந்துகொண்டார். "நல்லா சேர்ந்திருக்கு. உதடெல்லாம் ரெண்டு மாசத்துக்குள்ளயே சேர்ந்துரும்மா. அதுக்கப்புறம் பிளக்காது, பயப்படாத" என்றார். அம்மா தலையை ஆட்டினாள். பஸ்ஸில் வரும்போது சன்னலுக்கு வெளியே வெயிலில் காய்கிற சீனிவெடித் திரிகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மாட்டுப் பொங்கலன்று காலையிலேயே அத்தை வந்து இறங்கிவிட்டாள். பத்து மணிக்குள் சமையல், சாப்பாடு எல்லாம் முடித்தாக வேண்டும் என்று விரட்டினாள். தண்ணிக் குடத்தில் தர்ப்பையைப் போட்டாள். பின்னறையில் பாய் விரித்து, சன்னலில் சாக்கை மடித்து ஆணி அடிக்கச் சொன்னாள். அப்பா அடித்தார். கதவிடுக்கில் வேட்டியைத் திணித்தார். அத்தை அந்த அறைக்குள் இருந்த அரிவாள்மனை, ஊசி, பிளேடு எல்லாவற்றையும் பொறுக்கி வெளியே கொண்டுபோனாள். கடைசியில் அம்மாவின் சேலையில் குத்தியிருந்த ஊக்கையும் கழற்றிக்கொண்டாள்.

"நேரா மல்லாக்கப் படு. கையக் கால மடக்காத. எங்கயும் சொறியாத. அரிச்சா இவளத் தடவிவிடச் சொல்லு" என்றாள்.

இவள் என்பது நான். மைதானத்துக்குப் போகப் புதுப் பாவாடை கட்டி நின்றிருந்தேன். "அத்தை, டீச்சர் வரச் சொன்னாக" என்றேன்.

"ஒருக்கா பட்டது போதும் தாயி. நீயும் உள்ள இரு" என்று என்னையும் உள்ளே விட்டு வெளியே கொண்டி போட்டுவிட்டாள். நிலா லீவு போட்டது இப்படித்தான்.

வாசலில் பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சத் தண்ணி ஊற்றி அதில் உலக்கையை நிறுத்தினாள். கிரகணம் பிடித்ததும் உலக்கை தானாக நிற்கும், விட்டதும் விழும் என்பது எல்லா வீட்டிலும் உள்ள நம்பிக்கை. தெருவே வந்து கும்பிட்டுவிட்டுப் போனது எங்களுக்கு உள்ளே கேட்டது. அடுத்த வாரம் ஒன்றுமில்லாத ஒரு நாளில் அதே உலக்கையை நான் நிறுத்திப் பார்த்தேன், நன்றாகவே நின்றது. அதை அத்தையிடம் சொல்லவில்லை.

உள்ளே கும்மிருட்டு. காலையில் போட்ட சாம்பிராணிப் புகை இன்னும் கலையவில்லை. நான் கோபத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தேன். அம்மா பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள், நான் பேசவில்லை. கண் இருட்டுக்குப் பழகினதும்தான் பார்த்தேன். கூரையிலிருந்து நூல் பிடித்த மாதிரி ஒரு வெளிச்சம் புகைக்குள்ளே சாய்வாக இறங்கி, தரையில் ஒரு வட்டமாக விழுந்திருந்தது. அஞ்சு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிசு.

"என்னத்தா அது?" என்றாள் அம்மா.

"கூரைச் சீட்டுல ஆணி ஓட்டை. மழைக்கு ஒழுகுமே, அது. அப்பா சன்னல அடச்சாரு, கூரைய அடைக்கல."

அம்மா பட்டென்று எழுந்து பாயைச் சுவர்ப் பக்கமாக இழுத்துப் போட்டுப் படுத்துக்கொண்டாள். நான் அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு சின்னக் கடி இருந்தது. எலி கடித்த அப்பளம் போல ஒரு பக்கம் குறைந்திருந்தது. அட்டையில் ஊசி ஓட்டை போட்டு டீச்சர் காட்டியிருந்தார், சின்ன ஓட்டை வழியாக வரும் வெளிச்சம் சூரியனின் படத்தையே கொண்டு வந்து போடும் என்று. கிரகணம் உள்ளே வரக் கூடாது என்று கதவை, சன்னலை எல்லாம் அடைத்து இருட்டாக்கியதால்தான் அது அவ்வளவு தெளிவாக உள்ளே வந்திருந்தது. அத்தைக்கும் அப்பாவுக்கும் அதைச் சொன்னால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா, "ஏ தாயி, அது கிட்ட வருது" என்றாள். நிஜமாகவே வட்டம் தரையில் நகர்ந்து பாயின் ஓரத்துக்கு வந்திருந்தது. அதற்குள் பாதிக்கு மேல் குறைந்து பிறைபோல ஆகியிருந்தது. அம்மா மறுபடி பாயை இழுத்தாள். அதற்கு மேல் இழுக்க இடமில்லை, முதுகுக்குப் பின்னால் காகிதக்கட்டு அடுக்கியிருந்தது. அவள் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவள் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை.

"அது வரலம்மா" என்றேன். "நாமதான் சுத்துறோம். பூமி சுத்துதுல்ல, அதனால நம்ம வீடும் சேர்ந்து சுத்துது. சூரியன் அங்கனயேதான் இருக்கு."

"அப்ப நாந்தான் அதுகிட்டப் போறேனா?"

"ஆமா."

"நல்லாத்தான் இருக்கு கூத்து" என்றாள். இருட்டில் அவள் சிரித்த மாதிரி இருந்தது. "கடிச்சது யாரு?"

"யாரும் கடிக்கல. நிலா குறுக்க வந்து நிக்குது. அதோட நிழல் நம்ம ஊரு மேல விழுது. அம்புட்டுத்தான். இன்னும் கொஞ்ச நேரத்துல அதும் போயிரும்."

"பாத்தா கண்ணுக்கு ஆகாதும்பாகளே?"

"மேல நேராப் பாத்தாத்தான் ஆகாது. இது தரையில விழுந்தது, பாக்கலாம்."

பிறை தேய்ந்துகொண்டே பாயில் ஏறியது. அம்மா யாரிடமோ கணக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "அந்த ஆடி அமாவாசைக்கு நீ எனக்கு அஞ்சு மாசம். புரண்டு புரண்டு படுப்ப. நல்லா ஞாபகம் இருக்கு, கத்திரியப் பிடிச்சிருக்கும்போதுகூட ஒதச்ச."

நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

"ரெண்டு மாசத்துக்குள்ள சேர்ந்துரும்னுதான அந்த டாக்டரம்மா சொன்னாக?"

"ஆமாம்மா."

"அப்ப நான் கத்திரியத் தொடுறதுக்கு முன்னாடியே உனக்கு இப்படித்தான் இருந்திருக்கு."

அவள் குரல் உடைந்தது. நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. பத்து வருசம் அவள் நூலை வைத்துக் காகிதம் கிழித்ததெல்லாம் எனக்காக என்று நினைத்திருந்தேன். அது எனக்காக இல்லை, அவள் தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட தண்டனை என்று அன்றைக்குப் புரிந்தது.

வெளிச்சம் அவள் இடுப்புக்கு வந்தது. அவள் நகரவில்லை. மல்லாக்கப் படுத்தபடியே தலையை மட்டும் தூக்கிப் பார்த்தாள். வெளுத்துப் போன மஞ்சள் சேலையில், வயிற்று மேட்டில், பிறையின் இரண்டு முனையும் ஒன்றையொன்று தேடி வந்து தொட்டுக்கொண்டன. வளையம். நடுவில் இருட்டு, சுற்றிலும் மெல்லிசாக வெளிச்சம். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தது.

"தேஞ்ச மெட்டி மாதிரி இருக்கு" என்றாள் அம்மா.

அப்போது உள்ளிருந்து ஒரு உதை. வயிறு மேடு தட்டியது, வளையமும் கூடவே ஏறி இறங்கியது. அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

"என்ன சத்தம் அங்கன? புரண்டு படுக்காத" என்று வெளியிலிருந்து அத்தை குரல் கொடுத்தாள்.

"ஒண்ணுமில்ல மதினி" என்றாள் அம்மா.

கொஞ்ச நேரத்தில் வளையம் அறுந்து பிறையானது. மூன்று மணிக்கு மேல் உலக்கை விழுந்துவிட்டது என்று கதவைத் திறந்தார்கள். அப்பா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை அம்மாவின் தலையில் தண்ணியை ஊற்றிக் குளிக்க வைத்தாள். அத்தையும் நாங்கள் வெளியே வரும்வரை பச்சைத் தண்ணிகூடக் குடிக்கவில்லை. அவள் உதடெல்லாம் வறண்டு கிடந்தது. "இனிப் பயமில்ல புள்ள" என்று சொல்லிக்கொண்டே அம்மாவின் தலையைத் துவட்டினாள். அந்தப் பிரியம் பொய் இல்லை.

"வெளியில சொல்லாத தாயி. மதினி மனசு உடைஞ்சிரும்" என்றாள் அம்மா அன்று என்னிடம். அதனால்தான் பள்ளிக்கூடத்தில் நீங்கள் கேலி செய்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் தம்பி பிறந்தான். உதடு முழுசாக இருந்தது. அதை நானே விரலால் தடவிப் பார்த்தேன். தொட்டில் கட்டின அன்று வீடு கொள்ளாத கூட்டம். அத்தை கருகமணியும் வசம்பு வளையலும் வாங்கி வந்து போட்டுவிட்டு, பிள்ளையைக் கையில் ஏந்தி ஒவ்வொருத்தருக்கும் காட்டிக்கொண்டு வந்தாள்.

"பாத்தீகளா, எப்படி வந்திருக்கான்னு? ஒரு பொட்டு வெளிச்சம் உள்ள விடலயே நான். மூத்ததுக்கும் அன்னைக்கு யாராச்சும் பக்கத்துல இருந்து பாத்திருந்தா..." என்று சொல்லிவிட்டு என் தலையைத் தடவினாள். பரிதாபப்பட்டுத்தான் தடவினாள்.

கூட்டம் முழுக்க என் உதட்டைப் பார்த்தது. பிறகு அம்மாவைப் பார்த்தது. எனக்குப் பத்து வயசுதான், ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்தது. அதுவரை வீட்டுக்குள் இருந்த சந்தேகம் இப்போது எல்லார் முன்னாலும் ருசுவாகிவிட்டது. மறைத்து வைத்த பிள்ளை நன்றாகப் பிறந்திருக்கிறது, அப்படியானால் மறைக்காத பிள்ளைக்கு ஆனது அவளால்தான். ஒரு பாவமும் அறியாத தம்பி மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

அம்மா தொட்டில் கயிற்றைப் பிடித்து நின்றிருந்தாள். "மதினி, நான் பாத்தேன்" என்றாள்.

"என்னத்தப் பாத்த?"

"கிரகணத்த. கூரையில ஆணி ஓட்டை இருந்துச்சு, அது வழியா உள்ள வந்துச்சு. மொத ரெண்டு தடவ நகந்து படுத்தேன். பொறவு நகரல. வளையமாகி என் வயித்து மேலயே கிடந்துச்சு. அது போற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன்."

அப்பா கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார்.

"என்னத்தா சொல்ற?" என்றாள் அத்தை.

"நெசமாத்தான் சொல்றேன் மதினி. அம்புட்டும் பட்டுத்தான் இவன் இப்படிப் பிறந்திருக்கான். அப்ப என் மகளையும் நான் ஒண்ணும் பண்ணல."

அம்மா குரலை உயர்த்தவில்லை. அவள் பெரியவர்கள் முன்னால் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பிறகும் கேட்டதில்லை.

அத்தை பிள்ளையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். எழுந்து ஊருக்குக் கிளம்பிவிடுவாள் என்றுகூட நினைத்தேன். அவள் என்னைப் பக்கத்தில் வரச் சொல்லிக் கையைக் காட்டினாள். போனேன். கட்டை விரலால் என் தையல் தடத்தைத் தொட்டாள். அத்தனை வருசத்தில் அவள் அதைத் தொட்டதே இல்லை.

"அப்ப இது எதுனாலத்தா வந்துச்சு?" என்று என்னிடமே கேட்டாள்.

"தெரியல அத்தை" என்றேன்.

அவள் விரலை என் உதட்டிலிருந்து எடுக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. "எனக்கும் தெரியலத்தா" என்றாள்.

எங்கள் வீட்டில் பத்து வருசமாக எல்லாருக்கும் தெரிந்திருந்த ஒரு விசயம், அன்றைக்குத்தான் யாருக்கும் தெரியாத விசயமாக ஆனது. அத்தை பிள்ளையை என் மடியில் வைத்து, தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அம்மா பந்திக்கு இலை போடச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தாள்.